ஹைட்ராலிக் எச்சரிக்கை வந்தால் விமானிகள் என்ன செய்வார்கள்? – கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஹைட்ராலிக் பழுது என்றால் விமானம் விமானியின் கட்டுப்பாட்டை விட்டுப் போய்விடும் என்று பொருளா?

இல்லை. ஹைட்ராலிக் என்பது, அழுத்தமூட்டிய திரவத்தைக் கொண்டு விமானத்தின் கட்டுப்பாட்டுப் பரப்புகள், சக்கரங்கள், பிரேக் முதலியவற்றை இயக்கும் அமைப்பு. நான் நன்கறிந்த ஏர்பஸ் ஏ320 விமானத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் பச்சை, நீலம், மஞ்சள் என்று மூன்று தனித்தனி ஹைட்ராலிக் அமைப்புகள் உண்டு. ஒவ்வொன்றிலும் சதுர அங்குலத்துக்கு 3000 பவுண்டு அழுத்தத்தில் திரவம் இயங்குகிறது. இவற்றில் இரண்டு போய் ஒன்று மட்டும் எஞ்சினாலும் விமானத்தைக் கட்டுப்படுத்தித் தரையிறக்க முடியும். ஆனால் அது மிகக் கடினமான வேலை.

கேள்வி: எச்சரிக்கை ஒலித்த முதல் நிமிடத்தில் என்ன நடக்கும்?

ஓர் அமைப்பு மட்டும் பழுதானால் மணி ஒருமுறை ஒலித்து, மஞ்சள் விளக்கு எரியும். இரண்டு போய்விட்டால் சிவப்பு விளக்கு எரிய, மணி விடாமல் ஒலிக்கும். எதுவாயினும் ஒருவர் விமானத்தை ஓட்டுவதிலேயே கவனமாக இருக்க, மற்றவர் திரையில் வந்த செய்தியை வாய்விட்டுப் படிப்பார். புறப்பட்டவுடன் எச்சரிக்கை வந்தால், 400 அடி உயரத்தைக் கடந்து விமானம் சீராகும் வரை எந்த ஸ்விட்சையும் தொடுவதில்லை. அவசரத்தில் தவறான பம்பை நிறுத்திவிட்டால், நல்ல நிலையில் இருக்கும் அமைப்பையும் நாமே கெடுத்தவர்களாவோம்.

கேள்வி: விமானப் பொறியியல் படிக்கிறேன். பச்சை அமைப்பில் திரவம் குறைந்தால், அதற்கு உதவ வேண்டிய பி.டி.யு.வை (இரு அமைப்புகளுக்கு இடையே ஆற்றலைக் கடத்தும் கருவியை) ஏன் நிறுத்தச் சொல்கிறார்கள்?

மிக நல்ல கேள்வி. பச்சைக்கும் மஞ்சளுக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு 500 பவுண்டைத் தாண்டினால் பி.டி.யு. தானாக இயங்கி, அழுத்தம் மிகுந்த அமைப்பின் ஆற்றலை மற்றதற்குக் கொடுக்கிறது; ஆனால் திரவத்தைப் பரிமாறுவதில்லை. (தரையில் நிற்கும்போது காலடியில் நாய் குரைப்பது போலக் கேட்கும் சத்தம் இதனுடையதுதான், பயணிகள் அஞ்ச வேண்டாம்.) பம்பு மட்டும் பழுதாகித் திரவம் இருந்தால் இந்த உதவி பயன்படும். திரவமே கசிந்துபோன நிலையில் பி.டி.யு. வெறுமனே வேகமாகச் சுழன்று மஞ்சள் அமைப்பைச் சூடாக்கும். அதையும் இழக்க நேரிடலாம். ஆகவே முதலில் பி.டி.யு., அடுத்து பச்சைப் பம்பு என்று நிறுத்துகிறோம்.

கேள்வி: அதன் பிறகு தரையிறங்குவதில் என்ன மாறும்?

என் பார்வையில் உண்மையான வேலை இங்கேதான் தொடங்குகிறது. பச்சை அமைப்பு இல்லையென்றால் சக்கரங்கள் வழக்கம்போல் இறங்கா. இருக்கைகளுக்கு இடையே உள்ள கைப்பிடியை மூன்று சுற்றுச் சுற்றினால், அவை தம் எடையாலேயே கீழே விழுந்து பூட்டிக்கொள்ளும். ஆனால் மீண்டும் உள்ளே மடக்க முடியாது. தரையிறங்காமல் மேலெழ நேர்ந்தால், சக்கரம் தொங்கியபடியே பறந்து அதிக எரிபொருளைச் செலவிட வேண்டும். தானியங்கி பிரேக் இராது, மாற்று பிரேக்கைக் காலால் அழுத்த வேண்டும். ஸ்பாய்லர்களில் (இறக்கையின் மேல் எழும்பி வேகத்தைக் குறைக்கும் பலகைகளில்) சிலவும், ஒரு எஞ்சினின் ரிவர்ஸரும் (உந்துவிசையை முன்னோக்கித் திருப்பி வேகத்தைக் குறைக்கும் அமைப்பும்) இயங்கா. எனவே தேவையான ஓடுபாதை நீளத்தைக் கணக்கிட்ட பின்னரே எங்கே இறங்குவது என்று முடிவெடுக்கிறோம். முன்சக்கரத்தைத் திருப்ப முடியாத விமானங்களில், ஓடுபாதையிலேயே நின்று இழுவை வண்டிக்குக் காத்திருப்போம்.

கேள்வி: 2024 அக்டோபர் 11 அன்று திருச்சியிலிருந்து ஷார்ஜா புறப்பட்ட போயிங் 737 விமானம், ஹைட்ராலிக் பழுதுக்குப் பிறகு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வானில் சுற்றியது. உடனே இறக்கியிருக்கலாமே?

அன்று என் உறவினர்களும் தொலைக்காட்சி முன் பதறிக்கொண்டிருந்தார்கள். போயிங் 737-800 சுமார் 79 டன் எடை வரை புறப்படலாம். தரையிறங்கும் உச்ச வரம்போ சுமார் 66 டன்தான். எரிபொருளை வானில் கொட்டிவிடும் வசதி அந்த ரகத்தில் இல்லை. எரித்தே தீர்க்க வேண்டும். தீப்பிடித்திருந்தால் எடையைப் பாராமல் உடனே இறக்கியிருப்பார்கள். விமானம் கட்டுப்பாட்டில் இருக்கும்போது, பழுதோடு கூடுதல் எடையையும் சுமந்து, ஏறத்தாழ 2480 மீட்டர் ஓடுபாதையில் வேகமாக இறங்குவதுதான் ஆபத்து. அதனால் சுற்றியதே சரி.

கேள்வி: எல்லா அமைப்புகளும் ஒரே நேரத்தில் போனதுண்டா?

உண்டு. 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவில் யுனைடெட் 232 என்ற டி.சி.-10 விமானத்தின் வால் எஞ்சினில் இருந்த விசிறி வட்டு சிதறி, மூன்று அமைப்புகளின் குழாய்களையும் அறுத்தது. கேப்டன் ஆல் ஹெய்ன்ஸும் குழுவினரும், பயணியாக வந்த, விமானிகளுக்குப் பயிற்சி அளிக்கும் விமானி டென்னி ஃபிட்சும், எஞ்சியிருந்த இரண்டு எஞ்சின்களின் வேகத்தை மட்டும் கூட்டிக் குறைத்து சூ சிட்டி விமான நிலையம் வரை கொண்டுவந்தார்கள். இறங்கும்போது விமானம் உடைந்து 112 பேர் இறந்தார்கள். 184 பேர் பிழைத்தார்கள். அதற்குப் பின், வால் பகுதியில் குழாய் அறுந்தாலும் திரவம் முழுவதும் வெளியேறிவிடாதபடி தடுக்கும் அடைப்பான்கள் டி.சி.-10 விமானங்களில் பொருத்தப்பட்டன.