கீசர் காயிலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்

கேள்வி: துரைப்பாக்கத்தில் 64 வீடுகள் கொண்ட அடுக்ககத்தில் 2022 ஜூனில் சாவி வாங்கினோம். மெட்ரோ வாட்டர் இணைப்பு, எல்லா வீடுகளுக்கும் சேர்த்து வாட்டர் சாஃப்ட்னர் பிளான்ட் என்று பிரோஷரில் போட்டிருந்தார்கள். மெட்ரோ வாட்டர் இன்றுவரை வரவில்லை. பிளான்ட் மூன்று மாதம் ஓடியது, இப்போது பேஸ்மென்டில் சும்மா நிற்கிறது. போர் தண்ணீரில் சோப்பு நுரைப்பதில்லை, ஷவர் அடைத்துக்கொள்கிறது, இரண்டு கீசர் காயில் போய்விட்டது. பில்டரைக் கேட்டால், "ஓ.எம்.ஆர். பக்கம் போர் அப்படித்தான் மேடம்" என்கிறார். சங்கமோ அவரவர் வீட்டில் சாஃப்ட்னர் மாட்டிக்கொள்ளச் சொல்கிறது. டி.டி.எஸ். மீட்டரில் 1,450 காட்டுகிறது. பில்டர் மீதும் மெட்ரோ வாட்டர் மீதும் வழக்குப் போடலாமா? மெயின்டனன்ஸ் கட்டாமல் நிறுத்தலாமா?

— வாசகி, துரைப்பாக்கம்

பதில்: முதலில் அந்த மீட்டரை உள்ளே எடுத்து வையுங்கள். அது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று பார்த்து, மொத்தம் எவ்வளவு உப்பு கரைந்திருக்கும் (அதுதான் டி.டி.எஸ்.) என்று கணக்குப் போட்டுச் சொல்கிறது. உங்கள் ஷவரை அடைப்பது கால்சியமும் மக்னீசியமும். நன்றாக ஓடும் சாஃப்ட்னர்கூட அவற்றை எடுத்துக்கொண்டு பதிலுக்கு சோடியத்தைத்தான் விடும். அதனால் டி.டி.எஸ். பெரிதாகக் குறையாது. "பிளான்ட் ஓடினாலும் இதே 1,450தானே காட்டும்?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது.

உங்களுக்குத் தேவை, 'மொத்தக் கடினத்தன்மை', அதாவது அந்தக் கால்சியமும் மக்னீசியமும் எவ்வளவு என்று சொல்லும் லேப் ரிப்போர்ட். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் கொடுக்கலாம், அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகத்திலும் கொடுக்கலாம். மூன்று இடத்தில் தண்ணீர் பிடியுங்கள்: போரிலிருந்து நேராக, பிளான்ட்டைத் தாண்டிய குழாயில், உங்கள் சமையலறையில். இன்ன தேதியில் சாம்பிள் எடுக்கிறோம் என்று பில்டருக்கு முன்கூட்டியே மெயில் போடுங்கள். அவர் ஆளை அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை. கேனை சீல் வைத்து, சங்கச் செயலாளரிடமும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். இல்லாவிட்டால் லாரித் தண்ணீரைப் பிடித்துக் கொடுத்துவிட்டதாகச் சொல்வார்கள்.

ரிப்போர்ட்டில் வரும் எண்ணை வைத்து மட்டும் வழக்குப் போடாதீர்கள். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500, கடினத்தன்மைக்கு இரண்டு வரம்பு சொல்கிறது: லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை. உங்களுக்கு 550 வந்தால், "600க்குள்தானே இருக்கிறது, அதுவும் குளிக்கிற தண்ணீர்" என்பார் பில்டர். அந்த வாதத்தை முழுதாகத் தள்ளிவிடவும் முடியாது. போரில் உப்பு ஊறுவது அவர் செய்த குற்றம் இல்லை. பிளான்ட் தருகிறேன் என்று சொல்லிக் காசு வாங்கிவிட்டு ஓடாத பிளான்ட்டைக் கொடுத்ததுதான் குற்றம். பிளான்ட்டுக்கு முன்னும் பின்னும் ஒரே எண் வந்தால், அது ஓடவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

அடுத்து காகிதம். உங்களிடம் யு.டி.எஸ். பத்திரம் (நிலத்தில் உங்கள் பிரிக்கப்படாத பங்குக்கானது) ஒன்று, கட்டுமான ஒப்பந்தம் ஒன்று என இரண்டு இருக்கும். எல்லோரும் பத்திரத்தை லாக்கரில் பூட்டிவிட்டு, ஒப்பந்தத்தைப் பழைய பேப்பரோடு போட்டுவிடுகிறார்கள். உங்கள் வழக்கு அந்த ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. அதன் கடைசிப் பக்கங்களில் டைல்ஸ், ஸ்விட்ச், லிஃப்ட் என்று ஒரு பட்டியல் வரும். சாஃப்ட்னர் பிளான்ட் அதில் இருந்தால் ரியல் எஸ்டேட் சட்டம் 2016, பிரிவு 14(3) உங்கள் பக்கம். சாவி கொடுத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் வேலைத்தரத்திலோ சேவை வசதியிலோ குறையைச் சுட்டிக்காட்டினால், 30 நாளில் செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டியது பில்டரின் கடமை. தவறினால் நஷ்டஈடு. உங்களுக்கு அந்தக் கெடு 2027 ஜூன். பிரோஷரில் மட்டும்தான் இருக்கிறது என்றால் பிரிவு 12. விளம்பரத்தில் பொய்த் தகவலை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு அது ஈடு வாங்கித் தரும். பில்டர் ஆபீஸ் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை, போன் மாற்றுவதற்கு முன் சேமித்துவிடுங்கள்.

ஒரு இடம் மட்டும் எனக்கு உறுத்துகிறது. மூன்று மாதம் ஓடியது என்கிறீர்கள். பிறகு ஏன் நின்றது? சாஃப்ட்னருக்குள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும் ரெசின் அவ்வப்போது உப்புக் கரைசலில் கழுவினால்தான் வேலை செய்யும். சங்கத்திடம் பிளான்ட்டை ஒப்படைத்த பிறகு சங்கம் உப்பு மூட்டை வாங்குவதையே நிறுத்தியிருந்தால், பில்டர் அந்தக் கணக்கைக் காட்டியே தப்பித்துவிடுவார். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் இந்த வழக்கு உப்பு மூட்டை பில்லில்தான் ஜெயிக்கும் அல்லது தோற்கும். ஒப்படைப்புக் கடிதம், பராமரிப்பு ஒப்பந்தம், உப்பு வாங்கிய ரசீதுகள் மூன்றையும் சங்கத்திடம் எழுத்தில் கேளுங்கள். உப்பு ஒழுங்காகப் போட்டும் தண்ணீர் மாறவில்லை என்றால், 64 வீட்டுக்குப் போதாத சின்ன பிளான்ட்டை வைத்திருக்கலாம். பிளான்ட்டின் மேல் ஒட்டியிருக்கும் தகட்டில் அதன் திறன் எழுதியிருக்கும். போட்டோ எடுத்து ஒரு தண்ணீர்ப் பொறியாளரிடம் காட்டிக் குறிப்பு வாங்குங்கள்.

இவை கைக்கு வந்ததும் பில்டருக்கு நோட்டீஸ் அனுப்புங்கள். 30 நாளில் அசையாவிட்டால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போகலாம். பிளான்ட்டைச் சரிசெய்யச் சொல்லும் புகாருக்கு 'எம்' படிவம், நஷ்டஈட்டுக்கு 'என்' படிவம். இரண்டும் வேறு வேறு. சங்கமே புகார் கொடுத்தால் பலம் அதிகம். ஆனால் அவர்கள் வராவிட்டாலும் வீட்டு உரிமையாளராக நீங்கள் தனியே போகலாம். நுகர்வோர் ஆணையத்துக்கும் போக வழி உண்டு. இரண்டு வழியும் திறந்தே இருக்கிறது என்று 2020-ல் இம்பீரியா என்ற கட்டுமான நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக் கெடு. 2022-ல் தொடங்கிய குறைக்கு முதல் வாய்தாவிலேயே காலதாமதத்தைப் பற்றித்தான் பேச வேண்டிவரும். நான் உங்கள் வக்கீலாக இருந்தால் அந்தப் பக்கம் போக மாட்டேன்.

மெட்ரோ வாட்டரை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். வரி கட்டுகிறோம் என்பதை மட்டும் வைத்து நுகர்வோர் வழக்கு நிற்பது கஷ்டம். அதற்குப் பதில் 10 ரூபாய் செலவில் ஒரு காரியம் செய்யுங்கள். சிந்தாதிரிப்பேட்டையில் உள்ள குடிநீர் வாரியத் தலைமை அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். "இந்தக் கதவு எண்ணுக்கு இணைப்புக் கேட்டு விண்ணப்பம் வந்ததா? எந்தத் தேதியில்? கட்டணம் கட்டப்பட்டதா?" இவ்வளவு போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். விண்ணப்பமே வரவில்லை என்று பதில் வந்தால், பில்டர் நான்கு வருடமாக "லைன் வரும் மேடம்" என்று சொன்னதெல்லாம் என்ன என்று ரியல் எஸ்டேட் ஆணையமே அவரைக் கேட்கும்.

மெயின்டனன்ஸை நிறுத்தாதீர்கள். அது லிஃப்டுக்கும் வாட்ச்மேனுக்கும் போகிற காசு. நீங்கள் பாக்கி வைத்தால் சங்கம் உங்கள் மீது திரும்பும், பில்டர் வேடிக்கை பார்ப்பார். வேண்டுமானால் 'ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்' என்று எழுதிக் கட்டுங்கள்.

கடைசியாக அந்த இரண்டு காயில். போன வருடம் என்னிடம் வழக்குக்கு வந்த கட்சிக்காரர் ஒருவர் தினத்தாளில் சுற்றி ஒன்றை மேஜைமேல் வைத்தார். விரல் தடிமனுக்குச் சுண்ணாம்பு ஏறி, கம்பியே தெரியாமல், கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சல் கொத்து மாதிரி இருந்தது. பக்கம் பக்கமாக மனு எழுதுவதை விட அது நன்றாகப் பேசியது. உங்கள் பழைய காயிலை பிளம்பர் எடுத்துப் போகாமல் இருந்தால், மாற்றிய தேதி எழுதிய பில்லோடு ஒரு கவரில் போட்டு வையுங்கள். எடுத்துப் போயிருந்தால், மூன்றாவது காயில் போகும்போது அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.