மலையில் கூடு கட்டும் பறவைக்குக் குஞ்சு வளர்க்கக் கூடுதல் சக்தி செலவாகுமா? ஆக்சிஜன் குறைவுதான் காரணமா?

செலவாகும். ஆனால் பழியை முதலில் ஆக்சிஜன் மேல் போட மாட்டேன். பறவையின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடுகிறது. மூச்சை வெளியே விடும்போதும் புதுக்காற்று கிடைக்கும். கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்து இமயமலையையே தாண்டித்தான் வருகிறது. அடர்த்தி குறைந்த காற்றில் பறக்கக் கொஞ்சம் கூடுதல் உழைப்பு வேண்டும்தான். ஆனால் பெரிய செலவு குளிரால் வருவது.

ஊட்டியில் சித்தி வீட்டு மதில் ஓட்டையில் ஒரு பட்டாணிக்குருவி கூடு வைத்திருந்தது. ஏப்ரல் மாதம்தான், ஆனாலும் விடியற்காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாது. அடைகாப்பது பெண் மட்டும். வெளியே போகும், சில நிமிடங்களில் அரக்கப்பரக்கத் திரும்பும். "ஆபீசுக்கு லேட்டான மாதிரி ஓடுதே" என்பார் சித்தி. வெயில் ஏறியதும் அதுவே சாவகாசமாக மேய்ந்துவிட்டு வரும்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். தாய் எழுந்து போனதும் முட்டை ஆறத் தொடங்கும். திரும்பி வந்து தன் உடம்புச் சூட்டால் மறுபடி சூடேற்ற வேண்டும். அந்தச் சூட்டுக்கு இரை வேண்டும், இரைக்கு வெளியே போக வேண்டும். குஞ்சு பொரித்தாலும் விடிவில்லை. இறகில்லாத குஞ்சுகளால் முதல் சில நாட்கள் தங்கள் சூட்டைத் தாங்களே காத்துக்கொள்ள முடியாது. அணைத்து உட்காரவும் வேண்டும், ஊட்டவும் வேண்டும்.

இந்தச் செலவை அளக்கும் முறை அழகானது. கன ஹைட்ரஜனும் கன ஆக்சிஜனும் (வழக்கமானதைவிட எடை கூடிய அணுக்கள்) கலந்த நீரைப் பறவைக்கு ஊசியில் செலுத்தி, பறக்கவிட்டு, ஓரிரு நாளில் மறுபடி பிடித்து ரத்தம் எடுப்பார்கள். ஹைட்ரஜன் நீராக மட்டுமே வெளியேறும்; ஆக்சிஜன் நீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் வெளியேறும். இரண்டின் வித்தியாசம் வெளிவிட்ட கார்பன் டை ஆக்சைடின் அளவைச் சொல்லும்; அதிலிருந்து எவ்வளவு சக்தி எரித்தது என்று கணக்கிடலாம்.

கலிஃபோர்னியாவில் ஒயிட் கிரவுன்ட் ஸ்பாரோ என்ற சிட்டு கடலோரத்திலும் உண்டு, சியரா நெவாடா மலையில் சுமார் 3,000 மீட்டர் உயரத்திலும் உண்டு. கடலோரத்துச் சிட்டு ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈடு குஞ்சு எடுக்கும். மேலே ஜூனில்கூடப் பனி கொட்டும். கோடை குறுகியது, பெரும்பாலும் ஒரே ஈடு. பொதுவாகவே மலைப்பறவைகள் குறைவாக முட்டையிட்டு, ஒவ்வொரு குஞ்சுக்கும் அதிகம் மெனக்கெடுகின்றன. ஆண்டுக் கணக்கைப் பார்க்காமல் "மலைப்பறவைதான் அதிகம் உழைக்கிறது" என்று சொல்லிவிடக் கூடாது.

மெல்லிய காற்று நேரடியாகக் கடிக்கும் இடம் முட்டை ஓடு. உயரத்தில் ஓட்டின் நுண்துளைகள் வழியே ஈரம் வேகமாக வெளியேறும்; அதனால் சில மலைப்பறவைகளின் ஓடு ஈரத்தைக் குறைவாகவே கசியவிடும்.

அப்புறம், சித்தி வீட்டுக் கூட்டில் எத்தனை முட்டை என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அது பறந்திருக்கும், முட்டை ஆறியிருக்கும், மறுபடி சூடேற்றும் செலவு அதன் தலையில் விழுந்திருக்கும்.