மனப்பழக்கம் நம் முடிவுகளில் எங்கே நுழைகிறது?

“நம் மனப்பழக்கங்கள் நம் முடிவுகளை எந்த அளவுக்குத் தீர்மானிக்கின்றன? மன உறுதி இருந்தால் அவற்றை மீறி வளர முடியாதா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

மன உறுதிக்கு நாம் தேவைக்கு மேல் மரியாதை கொடுக்கிறோம் என்பது என் எண்ணம். பழக்கம் தன் வேலையை முடித்த பிறகுதான் அதற்கு வேலையே வருகிறது. நான்கு வழிகள் இருக்கும் இடத்தில் இரண்டை மட்டும் கண்ணில் காட்டுவது பழக்கம். அந்த இரண்டில் ஒன்றை வெகுநேரம் யோசித்துத் தேர்ந்தெடுத்துவிட்டு, சுயமாக முடிவெடுத்ததாக நாம் நிம்மதி அடைகிறோம்.

ஆபிரகாம் லூச்சின்ஸ் என்ற உளவியலாளர் 1942இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கணக்கு வருகிறது. மூன்று குடுவைகள், அவை முறையே 21, 127, 3 அளவு நீர் கொள்ளும். 100 அளவு நீர் வேண்டும். பெரியதை நிரப்பி, அதிலிருந்து 21ஐ ஒரு முறையும் 3ஐ இரு முறையும் வெளியேற்றினால் விடை வந்துவிடும். இதே சூத்திரத்தில் விடை கிடைக்கும் கணக்குகளை வரிசையாகப் போடவைத்துவிட்டு, 23, 49, 3 கொள்ளும் குடுவைகளைக் கொடுத்து 20 அளவு கேட்டார். பழைய சூத்திரத்திலும் விடை வரும். ஆனால் 23இல் 3ஐக் கழித்தாலே போதும். பழகியவர்களில் பெரும்பாலோர் சுற்று வழியிலேயே போனார்கள். முந்தைய கணக்குகளைப் பார்க்காமல் வந்தவர்களுக்குக் குறுக்குவழி எளிதாகத் தெரிந்தது.

அடுத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. குடுவைகள் 28, 76, 3, வேண்டியது 25. இங்கே பழைய சூத்திரம் 42இல் கொண்டுபோய் விடும். 28இல் 3ஐக் கழிக்க ஒரு குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் பழகியவர்களில் பலர் விடை கிடைக்காமல் திணறினார்கள். அவர்களுக்குக் கணக்கு வராமல் இல்லை. ஒரு வழி பலமுறை வென்றுவிட்டதால் வேறு வழியைத் தேடும் எண்ணமே எழவில்லை.

தேர்ந்தவர்களுக்கு இப்படி நேராது என்று தோன்றலாம். 2008இல் வெளியான ஓர் ஆய்வில் திறமையான சதுரங்க ஆட்டக்காரர்களின் கண்ணசைவைப் பதிவு செய்தார்கள். பழக்கமான ஒரு வெற்றி வழி கண்ணில் பட்டதும், அதைவிடச் சிறந்த வழியைத் தேடுவதாக அவர்கள் சொன்னார்கள்; உண்மையாகவே அப்படி நம்பினார்கள். கண்களோ அந்தப் பழைய வழிக்குரிய கட்டங்களையே சுற்றிக்கொண்டிருந்தன. ‘நான் திறந்த மனதோடுதான் யோசிக்கிறேன்’ என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வரும். நானே சொல்லிக்கொள்ளும்போதும்தான்.

வாழ்க்கைக் கணக்குகளில் சூத்திரங்கள் இன்னும் பழையவை. கோபக்காரப் பெரியவர் ஒருவரிடம் வளர்ந்த குழந்தை, வாயை மூடிக்கொண்டால் தப்பிக்கலாம் என்று கற்றுக்கொள்கிறது. அன்று அது சரியான விடைதான். வளர்ந்த பிறகு மேலதிகாரியிடமும் வாழ்க்கைத் துணையிடமும் அதே மௌனம் தொடர்கிறது. அவர் மௌனத்தைத் தேர்ந்தெடுத்தார் என்றே சொல்ல முடியாது. பேசுவது என்ற வழி அந்த நொடியில் அவர் கண்ணில் படவில்லை. இதனால்தான் ஒருவருடைய குணத்தைக் குறை சொல்லித் திருத்த முயல்வது பெரும்பாலும் வீணாகிறது.

சரி, என்ன செய்யலாம்? லூச்சின்ஸ் சிலரிடம் ‘குருடாக இருக்காதே’ என்று தாளில் எழுதிக்கொள்ளச் சொன்னார். சிலருக்கு அது உதவியது, எல்லோருக்கும் அல்ல. பொதுவான எச்சரிக்கைக்கு அவ்வளவுதான் பலம். இடத்தையும் நேரத்தையும் குறித்து வைத்துக்கொள்ளும் தீர்மானம் அதைவிட நன்றாக வேலை செய்கிறது. ‘இன்னது நடந்தால் இன்னது செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிவு செய்யும் இந்த முறையைப் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறார். நான் வைத்திருப்பது ஒன்றே ஒன்று: முக்கியமான விஷயத்தில் முதல் விடை வேகமாக வந்தால், அதை எழுதி ஓரமாக வைத்துவிட்டு, ‘இந்த வழி அடைபட்டிருந்தால் என்ன செய்வேன்?’ என்று கேட்டுக்கொள்வேன். பாதிக்கு மேல் முதல் விடைக்கே திரும்பி வருகிறேன். அதில் தவறில்லை, பழக்கங்கள் பெரும்பாலும் சரியாகத்தான் சொல்கின்றன.

எவ்வளவு காலம் ஆகும் என்று அடுத்து கேட்பீர்கள். 21 நாட்கள் என்ற பேச்சை நம்பாதீர்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரைக் கொண்டு நடத்தி 2010இல் வெளியான ஆய்வில், புதிய செயல் தன்னியல்பாக மாற ஆகும் காலம் ஆளுக்கு ஆள் 18 நாட்களிலிருந்து 254 நாட்கள் வரை என்று மதிப்பிட்டார்கள். நடுத்தரமாக 66 நாட்கள். இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பை ஏற்படுத்தவில்லை. அங்கே அளக்கப்பட்டவை தண்ணீர் குடிப்பது, பழம் சாப்பிடுவது போன்ற எளிய செயல்கள். சிறுவயதிலிருந்து வரும் மௌனத்துக்கு இன்னும் அதிக காலம் ஆகலாம் என்றே நினைக்கிறேன். அதன் பின்னால் பயம் இருந்தால், தனியாகப் போராடாமல் ஒரு மனநல ஆலோசகரைப் பார்ப்பது நல்லது.