நெல்லையில் பார்க்க என்ன இருக்கிறது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

என்னைத் திருநெல்வேலிக்கு மாற்றியிருக்கிறார்கள். தை பிறந்ததும் குடும்பத்தோடு வருகிறோம். ஊரைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் ‘நெல்லையப்பர் கோயில், அல்வா’ என்கிறார்கள். அடுத்த வாக்கியத்திலேயே குற்றாலத்துக்கு வழி சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். ஊருக்குள் பார்க்க ஒன்றுமே இல்லையா? பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

வழி சொன்னவர்கள் திருநெல்வேலிக்காரர்களாகத்தான் இருப்பார்கள். விருந்தாளி வந்தால் குற்றாலத்துக்கோ பாபநாசத்துக்கோ கூட்டிப்போவதுதான் எங்கள் வழக்கம். நடு ஊரில் ஓடும் தாமிரபரணியை, பாலத்தின் மேல் பஸ் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி.

ஆகவே நீங்கள் அந்தப் பாலத்தில் இறங்கி நடந்துவிடுங்கள். ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போகும் வழியில் இருக்கும் சுலோசன முதலியார் பாலம் 1843இல் திறக்கப்பட்டது. கலெக்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர் தன் சொந்தப் பணத்தில் கட்டிக்கொடுத்தது. (பெயரைப் பார்த்துப் பெண் என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளிக்கூடம் முடிக்கும்வரை நான் அப்படித்தான் நினைத்திருந்தேன்.)

பாலத்தை ஒட்டியிருப்பது கொக்கிரகுளம். பிள்ளைகளுக்கு அங்கே அறிவியல் மையம் இருக்கிறது, அரை நாள் போய்விடும். அதே கொக்கிரகுளத்தில், கலெக்டர் அலுவலகத்தை அடுத்த ஆற்றங்கரையில், 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தின்மீது போலீஸ் தடியடி நடத்தியது. அடிக்குத் தப்ப ஜனங்கள் ஆற்றில் இறங்கினார்கள். ஒரு கைக்குழந்தை உட்பட 17 பேர் இறந்தார்கள். பிள்ளைகளிடம் இதை எந்த வயதில் சொல்வது என்பது உங்கள் பொறுப்பு. இந்த ஊரில் குடியிருக்கப்போகிற நீங்கள் தெரியாமல் இருக்கக் கூடாது.

பிறகு, குறுக்குத்துறை. எனக்குப் பிடித்த இடம் இதுதான். இங்கே முருகன் கோயில் கரையில் இல்லை, ஆற்றுக்குள்ளேயே பாறைமேல் இருக்கிறது. வெள்ளம் வரப்போகிறது என்று தெரிந்தால் உற்சவரைக் கரையிலிருக்கும் மேலக்கோயிலுக்கு எடுத்துப்போய்விடுவார்கள். மூலவர் தண்ணீருக்குள் இருப்பார். வடிந்ததும் சேற்றைக் கழுவிவிட்டுப் பூசை தொடங்கும். எத்தனையோ வெள்ளங்களை அந்தக் கோயில் இப்படியே பார்த்துவிட்டது. 2023 டிசம்பரில் ஜங்ஷன் பஸ் நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்தபோது எங்களுக்குத்தான் ஒதுங்க மேலக்கோயில் இல்லை.

அங்கே குளிக்கலாமா என்று கேட்பீர்கள். குளிக்கிறார்கள். ஆனால் ஊரின் கழிவுநீர் பல இடங்களில் ஆற்றில்தான் விழுகிறது. பாபநாசத்தில் முங்கி எழுபவர்கள் கட்டிய துணியை வேறு ஆற்றோடு விட்டுவிட்டு வருகிறார்கள். பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடலைச் சேரும்வரை தாமிரபரணி தமிழ்நாட்டை விட்டு வெளியே போவதில்லை. அழுக்குக்கு அண்டை மாநிலத்தைக் குறை சொல்லவும் வழியில்லை. மேற்கே சேரன்மகாதேவிப் பக்கம் போய்க் குளியுங்கள். ஆழம் தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவர் கூட இருக்கட்டும்.

நெல்லையப்பர் கோயிலுக்கும் போகத்தான் வேண்டும். இசைத்தூண்களைத் தட்டிப் பார்க்கப் பிள்ளைகளுக்குக் கை துறுதுறுக்கும், பிடித்துக்கொள்ளுங்கள். அல்வாவின் ருசிக்குத் தாமிரபரணித் தண்ணீர்தான் காரணம் என்று கடைக்குக் கடை சொல்வார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. கோதுமைப்பாலை நெய் விட்டு விட்டுக் கிண்டுகிறவரின் கைவலியை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

வாடகைக்கு வீடு பார்க்கும்போது, 2023 வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரிடம் வேண்டாம், பக்கத்து வீட்டில் கேளுங்கள்.