பட்டினி போட்டால் கொழுப்புச் செல்கள் அழியுமா?

கேள்வி: எனக்கு 41 வயது, பெரம்பூரில் வசிக்கிறேன். இரவுச் சாப்பாட்டை விட்டு, தினமும் கொள்ளு ரசம் குடித்து 8 கிலோ குறைத்தேன். தீபாவளிக்குப் பிறகு பழையபடி சாப்பிட்டதும் எடை முழுதும் திரும்பிவிட்டது. இளைத்தபோது கொழுப்புச் செல்கள் அழியவில்லையா?

பதில்: இல்லை, சுருங்கின, அவ்வளவுதான்.

அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனை வைத்து, சுவீடனின் கரோலின்ஸ்கா மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கொழுப்புச் செல்களின் வயதைக் கணக்கிட்டு 2008இல் வெளியிட்டார்கள். வளர்ந்தவர்கள் உடலில் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதச் செல்கள் இறக்கின்றன. ஏறக்குறைய அதே அளவு புதிதாகவும் உருவாகின்றன. இரைப்பை அறுவை சிகிச்சை செய்து நன்றாக இளைத்தவர்களிடமும் எண்ணிக்கை குறையவில்லை, செல்களின் அளவுதான் சிறுத்திருந்தது.

சுருங்கிய செல் சும்மா இருக்காது. அது சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைந்ததும் மூளை பசியைக் கூட்டுகிறது, உடலும் ஆற்றலைச் சிக்கனமாகச் செலவழிக்கத் தொடங்குகிறது. அதனால் ‘எனக்கு வாய்க்கட்டுப்பாடு இல்லை’ என்று உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள்.

சரி, இதில் உணவு எங்கே வருகிறது? சோறு, இட்லி, சர்க்கரை போட்ட காபி எல்லாம் இன்சுலினை உயர்த்தும். இன்சுலின் உயர்ந்திருக்கும் வரை செல்கள் கொழுப்பை வெளியே விடாது. அதற்காக இட்லியே ஆகாது என்று சொல்லவில்லை. நாள் கணக்கில் பார்த்தால், செலவைவிட வரவு குறைந்தால் கொழுப்பு கரைந்தே தீரும். காலையில் பொங்கல், வடை, மதியம் சோறு, மாலையில் பஜ்ஜி, நடுவே நாலு காபி என்றால்தான் கணக்கு உதைக்கிறது.

கொள்ளு? ‘கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்பார்கள். அதில் புரதமும் நார்ச்சத்தும் உண்டு, சுண்டலாகச் சாப்பிட்டால் வயிறு நிறையும். ரசம் செல்லுக்குள் போய்க் கொழுப்பை உருக்காது.

இரவுச் சாப்பாட்டை விடாதீர்கள், மாதக்கணக்கில் பலரால் முடியாது. சோற்றைப் பாதியாக்கி, பொரியலை இரட்டிப்பாக்குங்கள். பருப்பு, முட்டை, மீன் ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும். தசை கரையாமல் இருக்க அது வேண்டும், கொஞ்சம் எடை தூக்கும் பயிற்சியும் வேண்டும்.

தராசைவிட டேப்பை நம்புங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே வயிற்றுச் சுற்றளவை அளக்க வேண்டும். நம் ஊர்ப் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. வரம்பு. நம்மவர்களில் ஒல்லியாகத் தெரிபவர்களுக்கும் குடலைச் சுற்றிக் கொழுப்பு சேர்வதுண்டு. அது நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. இந்த வரம்பைத் தாண்டியிருந்தால் சர்க்கரை, தைராய்டு, கல்லீரல் பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். ஏற்கெனவே சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால், உங்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்த வேளைச் சாப்பாட்டையும் நிறுத்தாதீர்கள்.