கணக்கு வாத்தியாரைப் பார்த்து ஆசிரியராக ஆசை. பாளையங்கோட்டையில் பிளஸ் டூ படிக்கிறேன், எப்படிப் போவது?

முதலில் அவரிடமே பாடக்குறிப்பு நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நாற்பது நிமிட வகுப்புக்குப் பின்னால் எவ்வளவு எழுத்து வேலை இருக்கிறது என்பது அதில்தான் தெரியும். பக்கத்து வீட்டு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பின்னம் சொல்லிக் கொடுத்தும் பாருங்கள். மூன்றாவது தடவையும் புரியாதபோது எரிச்சல் வருகிறதா, வேறு வழி தோன்றுகிறதா?

கணக்கு ஆசிரியர் என்றால் பி.எஸ்சி. கணிதம் 3 ஆண்டு, பி.எட். 2 ஆண்டு. பலர் சறுக்குவது பட்டப் பாடத்தில்தான். பி.சி.ஏ. மாதிரிப் படிப்பை எடுத்துவிட்டு, கணக்கு ஆசிரியர் பணிக்கு அது செல்லாது என்று பின்னால் அலைவார்கள். பெயர் சற்று மாறிய பட்டம் என்றால், அது பி.எஸ்சி. கணிதத்துக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்று சேரும் முன்பே கேளுங்கள்.

பி.எட். படிக்க ஊரை விட்டுப் போக வேண்டாம். பாளையங்கோட்டையில் தூய சவேரியார், பெண்களுக்குத் தூய இஞ்ஞாசியார் கல்வியியல் கல்லூரிகள் உண்டு. இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளியில் பயிற்சி. அதைக் கையெழுத்துக்காக ஓட்டுகிறவர்களே அதிகம், வீண்.

பிறகு டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள்: 150 கேள்வி, பொதுப் பிரிவுக்கு 90 மதிப்பெண். தேறினால் வேலை கிடைத்துவிடாது. அரசுப் பள்ளிக்குத் தனியாக நியமனத் தேர்வும் எழுத வேண்டும். சின்னப் பிள்ளைகள்தான் பிடிக்கும் என்றால் பாதையே வேறு. 2023 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் தொடக்க வகுப்புக்கு பி.எட். செல்லாது, பிளஸ் டூ முடித்து 2 ஆண்டு தொடக்கக் கல்விப் பட்டயம் வேண்டும். ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்திருந்தால் பி.எஸ்சி.யையும் பி.எட்.டையும் தமிழ் வழியிலேயே முடியுங்கள். அரசு நியமனத்தில் 20 சதவீத இடங்களுக்கு முன்னுரிமை அதில் இருக்கிறது.