வீட்டுக்குள் வளரும் முயலின் கழிப்புத் தட்டில் என்ன போடலாம்? பூனை மணல் சரிப்படுமா?

ஈரம் பட்டால் கட்டியாகும் பூனை மணல் வேண்டவே வேண்டாம். முயல் எதையும் கொறித்துப் பார்க்கும், ஆனால் முயலுக்கு வாந்தி எடுக்க வராது. அந்த மணலில் உள்ள களிமண் உள்ளே போய் ஊறினால் குடல் அடைத்துக்கொள்ளும். தச்சுப் பட்டறை மரத்தூளும் ஆகாது. தூசி மூச்சுக்குழாயை உறுத்தும், பிளைவுட் பசையும் கலந்திருக்கும். உலர்த்திப் பதப்படுத்தாத பைன், தேவதாரு சீவல்களில் அந்த மணமே வினை. மூச்சோடு உள்ளே போய் ஈரலைப் பாதிக்கும்.

காகிதப் பெல்லட்தான் (காகிதக் கூழை அழுத்திச் செய்த சிறு துண்டுகள்) என் முதல் தேர்வு. சூளையில் உலர்த்திய மரப் பெல்லட்டும் நல்லது. கிடைக்காவிட்டால் வழவழப்பில்லாத செய்தித்தாளை நாலைந்து மடிப்பாக விரியுங்கள். ஆனால் தினமும் மாற்றவேண்டும்.

முயல் உள்ளே திரும்பிப் படுக்கும் அளவுக்குத் தட்டு பெரிதாக இருக்கட்டும். பெல்லட் 2–3 செ.மீ. போதும். மேலே ஒரு ஓரத்தில் கைநிறைய உலர்ந்த புல் வையுங்கள். முயல் தின்றுகொண்டே புழுக்கை போடும், அதனால் தட்டுக்குத் தானாகவே வரும். நனைந்த பெல்லட் பொடியாக உதிரும். அதைத் தினமும் அள்ளி, இரண்டு மூன்று நாளுக்கொருமுறை முழுதும் மாற்றுங்கள். தட்டில் படியும் வெள்ளைக் கறை சுண்ணாம்புச் சத்து, வினிகரில் ஊறவைத்தால் போய்விடும்.

படுக்கைக்குப் பழைய பருத்தித் துண்டு போதும். நூலைக் கடித்து விழுங்கத் தொடங்கினால் உடனே எடுத்துவிடுங்கள். வெறும் கம்பிவலைத் தரை மட்டும் கூடாது, உள்ளங்கால் புண்ணாகிவிடும்.